காப்பி ஊற்றாத காலை

மௌன வாரத்தின் நடுவில் விருந்தினர்களை மணலில் விட்டுவிட்டு ஹுவைஷில் ஓடிப்போனார் என்று அந்தப் பாலைவனச் சுற்றுலா முகாமில் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. ஒரு விருந்தினரைக்கூட அவர் விட்டுவிடவில்லை. விட்டிருந்தால் அவருக்கு இவ்வளவு பெரிய இழப்பு நேர்ந்திருக்காது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுவது நல்லது.

ஹுவைஷில் வஹீபா என்னும் பாலைமணலில் பிறந்தவர். வாலிபத்தில் தண்ணீர் லாரி ஓட்டினார். மாமன் மகள் சயானாவை மணந்தார். குழந்தை பிறக்கவில்லை. இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று உறவுக்காரர்கள் நெருக்கியபோது, "ஒருத்தி பேசறத கேக்கவே என் காது பத்தல. இன்னொருத்தி பேச்ச எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார். சயானா உள்ளறையில் இருந்தபடியே, "காது பத்தலன்னா கடன் வாங்கிக்கச் சொல்லுங்க" என்பாள். கோடையில் பிதியா என்ற ஊரின் பேரீச்சந்தோட்டத்திலும், குளிர்காலத்தில் மணலுக்குள் ஒரு பெரிய வன்னி மரத்தடியிலும் அவர்கள் வாழ்க்கை மாறி மாறி ஓடியது. அந்த வன்னி மரத்தடி அவருடைய பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் கூடாரம் போட்ட இடம்.

பிறகு அந்த இடத்தைச் சுற்றி வேலி வந்தது. மணலைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம் அங்கே வெள்ளைக் கூடாரங்களை நிறுத்தியது. ஒவ்வொரு கூடாரத்துக்குள்ளும் செம்பில் செய்த குளியல் தொட்டி. விடிவதற்குள் நகரத்திலிருந்து தண்ணீர் லாரி வந்து நீச்சல் குளத்தை நிரப்பிவிட்டுப் போகும். சாம்பிராணிப் புகையில் ஆவிக்குளியல், ஒட்டகப் பாலில் செய்த சோப்பு, வெண்கலக் கிண்ணத்தை உரசி எழுப்பும் ஓசையைக் கேட்டபடி படுத்திருப்பது என்று வெளிநாட்டார் வந்து மனதைத் தேற்றிக்கொள்ளும் இடமாயிற்று அது. வன்னி மரம் வேலிக்கு உள்ளே இருந்தது. வேலைக்காரர்களைத் தவிர உள்ளூர்க்காரர் யாரும் வேலியைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஹுவைஷில் வேலைக்குச் சேர்ந்தார். மரத்தைப் பார்க்க வேறு வழி இருக்கவில்லை.

அவருக்கு இரண்டு வேலைகள். விருந்தினர்களைக் காலையில் பெரிய மணல்மேட்டுக்கு அழைத்துப்போய் அழைத்து வருவது ஒன்று. மற்றது அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது. ஈச்சமட்டைகளைக் கட்டி வண்டியின் பின்னால் இழுத்து, முந்தைய நாளின் காலடித் தடங்களையும் சக்கரத் தடங்களையும் அழிக்க வேண்டும். வருகிறவர்களுக்கு யாரும் மிதிக்காத பாலைவனம் வேண்டும். சயானா இதைக் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தாள்.

"நாம நடந்த தடத்தை அழிக்கிறதுக்கு நம்மள்லயே ஒரு ஆளை வச்சிருக்கான் பாரு. கெட்டிக்காரன்தான்."

மணல்வெளியில் இருவர் சந்தித்தால் மூக்கோடு மூக்கைத் தொட்டு முகமன் சொல்வார்கள். பிறகு ஒருவர், "என்ன சேதி?" என்று கேட்க வேண்டும். மற்றவர், "சேதி ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லதுதான்" என்று சொல்ல வேண்டும். வீடு எரிந்திருந்தாலும் அதுதான் பதில். அதன் பிறகு நிழலில் உட்கார வைத்து, பேரீச்சம்பழம் கொடுத்து, ஏலக்காய் போட்ட காப்பி ஊற்றி, மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும். உண்மையான சேதி அப்போதுதான் வாயைவிட்டு வெளியே வரும். நின்றுகொண்டே சேதி சொல்கிறவன் மரியாதை தெரியாதவன். உட்கார வைக்காமலே சேதி கேட்கிறவன் அவனைவிட மோசம்.

சயானாவின் தம்பி ஹமூத் இதைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தான். பிதியாவில் காப்பிக்கு உட்காரும் எல்லாரிடமும் அதைச் சொல்லியிருக்கிறான்.

"ஒருத்தன் வந்து 'சேதி ஒண்ணுமில்ல'ன்னான். பழத்தைத் தின்னான், காப்பியக் குடிச்சான், வாயத் தொடச்சான். அப்புறம்தான் 'உன் ஒட்டகம் கெணத்துல விழுந்துடுச்சு'ன்னான். இவன் துள்ளி எழுந்து 'உசுரோட இருக்கா'ன்னு கேட்டான். 'நான் பழத்தைக் கையில எடுக்கறப்ப கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு'ங்கறான்!"

எல்லாரும் சிரிப்பார்கள். ஹுவைஷில்தான் அதிகம் சிரிப்பார்.

சயானாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரந்தோறும் இப்ரா மருத்துவமனைக்குப் போய் இரத்தம் சுத்திகரித்து வந்தார்கள். அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் உடம்பு அதையும் தாங்க மறுத்தது. இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்று மருத்துவர் நேராகவே சொன்னார். அன்று மாலை, மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்திருந்த சயானா கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"ரெண்டு விஷயம் கேக்கறேன். மரத்தடிக்கு என்னைக் கூட்டிட்டுப் போ. அது முடியலன்னா போகுது. கண்ணை மூடற நேரத்துல நீ பக்கத்துல இருக்கணும். அது முடியலன்னு சொல்லக்கூடாது."

"ரெண்டும் நடக்கும்."

"பெரிசா சொல்லாத. ஒண்ணையாவது செய்."

முகாமின் மேலாளர் அய்ஹம் தலைநகரத்துப் பிள்ளை. வெளிநாட்டில் படித்தவன். குரலை உயர்த்தியே பேசமாட்டான். ஹுவைஷில் அவனிடம் போய், தன் பாட்டன் கூடாரம் போட்ட இடத்தில் தன் மனைவியை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். அய்ஹம் நிறைய யோசித்தான்.

"மாமா, உங்களுக்கு இல்லேன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா அடுத்த வாரம் மௌன வாரம். வெளிநாட்டுலேருந்து பெரிய ஆளுங்க வராங்க. பேச்சு கூடாது, போன் கூடாது, அடுப்புப் புகை கூடாது. உங்களை மாதிரி மேடு தெரிஞ்ச ஆளு எனக்கு வேற யாரு? இந்த வாரத்தை முடிச்சுக் குடுங்க. மறுநாளே அத்தையக் கூட்டிட்டு வாங்க. எத்தனை நாள் வேணுமோ இருங்க."

ஹுவைஷில் ஒப்புக்கொண்டார். இரண்டாவது வாக்கை விட்டுவிட்டு முதலாவதைத் தேடிப் போனார் என்று பிறகு சிலர் குறை சொன்னார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை. ஒரு வாரம்தானே, இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஹமூத்தும் அவன் மனைவி ஷம்ஸாவும் கட்டிலருகில் இருப்பதென்று ஏற்பாடு. நிலைமை மாறினால் ஹமூத் தன் பிக்கப் வண்டியில் நேரில் வந்து அழைத்துப்போக வேண்டும்.

மௌன வாரத்தில் வேலைக்காரர்களின் போன்களும் ஒரு பெட்டிக்குள் போய்விட்டன. எல்லாருக்கும் ஓசை வராத கம்பளிச் செருப்பு கொடுத்தார்கள். பின்வாசலில், தண்ணீர் லாரி நிற்கும் இடத்தில், ஹுவைஷில் தனக்கென்று வைத்திருந்த சின்ன அடுப்பையும் எடுத்துவிட்டார்கள். வறுத்த காப்பியின் வாசனை விருந்தினர்களின் விரதத்தைக் கலைக்கிறதாம். அடுப்பு இருந்த இடத்தில் மணலைச் சீவிச் சமன் செய்தவரும் அவர்தான்.

வாரத்தின் நடுவில் ஒரு காலை, விருந்தினர்கள் வெறுங்காலோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, ஹமூத்தின் வண்டி பின்வாசலில் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் ஹுவைஷில் வரிசையை விட்டு விலகினார். வேலிக்கருகில் போனார். இருவரும் மூக்கைத் தொட்டுக்கொண்டார்கள். மௌன வாரம் என்பதால் இருவருமே கிசுகிசுத்தார்கள்.

"என்ன சேதி?"

"சேதி ஒண்ணுமில்ல, மச்சான். எல்லாம் நல்லதுதான்."

"வீட்ல?"

"அல்லாஹ்வுக்கே புகழ்."

இப்போது அவனை நிழலுக்கு அழைத்துப்போய் உட்கார வைக்க வேண்டும். ஹுவைஷில் திரும்பிப் பார்த்தார். அடுப்பு இருந்த இடம் வழுவழுவென்று கிடந்தது. தன்னைத் தேடி வந்த மைத்துனனுக்கு ஒரு கிண்ணம் காப்பி ஊற்ற வழியில்லாமல் நிற்கிறோமே என்ற வெட்கம், அவருக்கு எல்லாவற்றையும்விட முன்னால் வந்து நின்றது. அதே நேரம் வரிசையின் முன்னால் நின்ற அய்ஹம் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினான். பிறகு மேட்டைக் காட்டினான்.

"ஒரு நடை போயிட்டு வந்துடறேன். நிழல்ல உக்காரு. வந்து காப்பி போட்டுத் தரேன்."

"எங்க போடுவீங்க? அடுப்பையே காணோமே. விருந்தாளிங்க முழுங்கிட்டாங்களா?"

ஹுவைஷிலுக்குச் சிரிப்பு வந்தது. "வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் போடறேன்டா, போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அந்தச் சிரிப்புதான் அவரை ஏமாற்றியது. பிற்காலத்தில் அவரே அதைப் பலமுறை தனக்குள் பிரித்துப் பார்த்தார். முதல் பதில் வெறும் முறை என்பது பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரியும். நிலைமை மாறினால்தான் ஹமூத் வருவான் என்பதும் தெரியும். ஆயினும், துக்கச் சேதி சுமந்து வந்தவன் கேலி பேசுவானா என்று அவர் மனம் ஒரு கணக்குப் போட்டது. ஹமூத் எந்த நிலையிலும் கேலி பேசுகிறவன், தன் தந்தையின் அடக்கத்தன்றே கேலி பேசியவன் என்பதை அது வசதியாக மறந்துவிட்டது. நல்லது என்று ஒருவன் சொன்னான், நல்லதாகவே இருக்கட்டும் என்று அதைப் பிடித்துக்கொண்டு அவர் மேட்டை நோக்கி நடந்தார். ஹமூத் வண்டியின் முகப்பில் கையை ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டான்.

மேட்டின் உச்சியில் எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். மணி அடித்ததும் எழுந்து இன்னொரு வேலைக்காரன் பின்னால் வரிசையாக இறங்கினார்கள். நரைத்த கூந்தலை வெட்டிவிட்டிருந்த ஓர் அம்மாள் மட்டும் எழவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். முதலில் ஓசையில்லாமல், பிறகு அடக்க முடியாமல். விருந்தினர்களிடம் பேசக்கூடாது, அவர்களைத் தொடக்கூடாது என்பது முகாமின் விதி. மணலில் ஒரு விருந்தாளியைத் தனியே விட்டுவிட்டு வரக்கூடாது என்பது ஹுவைஷிலின் விதி. அவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றி அவள் முன்னால் வைத்தார். அவள் குடிக்கவில்லை. நகர்ந்து வந்து அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. தன் கிழட்டுத் தோளில் ஒரு அந்நியப் பெண்ணின் துக்கத்தைத் தாங்கிக்கொண்டு, ஹமூத் நிழலில் காத்திருப்பானே, பசிக்குமே என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று ஹாரன் கேட்டது. முகாமில் அதுவரை யாரும் கேட்டிராத ஓசை. ஹமூத்தின் வண்டி வேலியின் கயிற்றை அறுத்துக்கொண்டு, ஹாரனை நிறுத்தாமல், மேட்டின் முகத்தில் நேராக ஏறி வந்தது. கீழே அய்ஹம் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடி வந்தான். கம்பளிச் செருப்பு மணலில் கழன்று விழுந்தது.

"மச்சான்! அக்கா கடைசி மூச்சுல இருக்கா! உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன், ஏறுங்க!"

ஹுவைஷில் எழுந்தார். அந்த அம்மாள் இன்னமும் அவர் சட்டையை விடவில்லை. அவளைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றி, கூடாரம்வரை கொண்டுபோய், படியில் உட்கார வைத்துவிட்டுத்தான் அவர் வெளியேறினார். அய்ஹம் ஏதோ சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்து வழிவிட்டான்.

வண்டியில் போகும்போது ஹுவைஷில் கத்தினார்.

"காலைல ஏன்டா சொல்லல?"

"நீங்க உக்காரவே இல்லையே, மச்சான்!"

"சாகக் கெடக்கறா. அதுக்கு என்னடா உக்காரணும்?"

"நான் வாயைத் தொறந்தேன். நீங்க திரும்பிட்டீங்க. நான் என்ன, முதுகுக்கா சேதி சொல்லுவேன்?"

தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் மணலுக்காகக் குறைத்த காற்றைச் சக்கரங்களில் நிரப்பக்கூட நிற்கவில்லை. வண்டி வழியெல்லாம் நொண்டிக்கொண்டே போனது.

வார்டின் வாசலில் ஷம்ஸா நின்றிருந்தாள். அவள் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்ததும் ஹமூத் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"இப்பத்தான்" என்றாள் ஷம்ஸா. "கை இன்னும் சூடா இருக்கு. போங்க, பிடிச்சுக்கோங்க."

ஹுவைஷில் உள்ளே போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் கழித்து ஷம்ஸா உள்ளே வந்து, "போதும், விடுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். கை அதற்கு வெகு முன்பே குளிர்ந்திருந்தது. அன்று பிற்பகல் தொழுகைக்குப் பின், பிதியாவின் மையவாடியில் அடக்கம் நடந்தது. வன்னி மரத்தடி வேலிக்குள்ளேயே கிடந்தது.

துக்கம் கேட்க ஊரே வந்தது. அய்ஹமும் வந்தான். எல்லாருக்கும் ஸலாம் சொல்லி, தலையைக் குனிந்து, முறை தவறாமல் நடந்துகொண்டான். கிளம்பும் முன் ஹுவைஷிலின் அருகில் மண்டியிட்டான்.

"மாமா, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. யாரோ பார்க்க வந்திருக்காங்கன்னுதான் நெனச்சேன்."

"தெரியாதுதான்."

"முகாம்ல துக்கத்துல இருக்கறவங்களுக்குன்னு தனியா ஒரு வாரம் நடத்தறோம். மனசை ஆத்திக்கறதுக்கு. உங்களுக்கு ஒரு கூடாரம் ஒதுக்கித் தரேன். வேலைக்காரரா இல்ல, விருந்தாளியா வாங்க."

"எங்க? மரத்தடிலயா?"

அய்ஹம் தடுமாறினான். "இல்ல மாமா. அங்க தியான மேடை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. மேலேருந்து உத்தரவு." பிறகு, நல்லது ஏதாவது சொல்ல வேண்டுமென்று எண்ணியவனாய், "அந்த அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க. அவங்க புருஷன் போனதுலேருந்து அழுகையே வரலையாம். அன்னைக்குத்தான் அழுதாங்களாம். நீங்க பக்கத்துல இருந்ததாலதான் முடிஞ்சுதாம்" என்றான்.

"நல்லதாப் போச்சு. யாருக்காவது பக்கத்துல இருந்திருக்கேன்" என்றார் ஹுவைஷில்.

அந்தத் துக்கக் கூட்டத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஹமூத்தான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். கூஜாவோடு ஹுவைஷிலின் முன்னால் வந்து கிண்ணத்தை நீட்டினான். அவர் வாங்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹமூத் கிண்ணத்தை நீட்டியபடி சற்று நின்று, பிறகு அடுத்தவரிடம் போனான்.

அதன்பின் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஊர் இரண்டு கட்சியானது. "வந்தவனை உக்கார வைக்காமப் போனது யாரு தப்பு?" என்றார்கள் சிலர். "சாவுச் சேதிக்கு எதுக்குப்பா காப்பி? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தான்?" என்றார்கள் மற்றவர்கள். ஹமூத் தன் பக்கத்தை யாரிடமும் எடுத்துச் சொல்லவில்லை. கிணற்றில் விழுந்த ஒட்டகத்தின் கதையையும் அவன் அதற்குப் பிறகு சொல்லவில்லை. ஹுவைஷில் வேலைக்குத் திரும்பவில்லை. தோட்டத்தில் தனியாக இருந்தார். இரவு உணவுக்கு இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திருப்பி வைப்பார்.

கோடை வந்து, பேரீச்சங்குலைகளை வெட்டத் தொடங்கிய நாளில், அவர் தானாகவே ஹமூத்தின் தோட்டத்துக்கு நடந்து போனார். ஏன் போனார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கடைசி நாளின் விடியலில் சயானாவின் அருகில் இருந்தவர்களில் அவன் ஒருவன். அவரிடம் இல்லாத அந்தக் காலைப்பொழுது அவனிடமும் அவன் மனைவியிடமும் இருந்தது.

ஹமூத் மரத்திலிருந்து இறங்கி வந்தான். மூக்கைத் தொட்டுக்கொண்டார்கள்.

"என்ன சேதி?" என்றார் ஹுவைஷில்.

"சேதி ஒண்ணுமில்ல, மச்சான். எல்லாம் நல்லதுதான்."

நிழலில் பாய் விரித்தான். பழம் வைத்தான். ஷம்ஸா உள்ளிருந்து கூஜாவைக் கொடுத்தாள். ஹுவைஷில் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். பிறகு கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"இப்ப சொல்லு. நீ என்ன சேதி கொண்டாந்த?"

ஹமூத் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"விடியக்காலம் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. டாக்டர் வந்து பார்த்துட்டு, வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்கன்னார். நான் சாவியை எடுத்தேன். அக்கா கூப்பிட்டா. 'போனதும் போட்டு ஒடைக்காத. அவன் பயந்த மனுஷன். சேதி கேட்டான்னா ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கிட்டு மேடு பள்ளம் பார்க்காம ஓட்டுவான், ரெண்டு பேரும் கவுந்துடுவீங்க. உக்கார வை. ஒரு வாய் காப்பி உள்ள போகட்டும். அப்புறம் சொல்லு, நான் இருக்கேன், காத்துக்கிட்டிருக்கேன்'னா." ஹமூத் நிமிர்ந்து பார்த்தான். "நான் அவ சொன்னபடி செய்யத்தான் நெனச்சேன், மச்சான். காப்பிக்கு எடம் இல்லாமப் போகும்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஓசை நின்றது.

"இத ஏன்டா இவ்வளவு நாளா சொல்லல?"

"சொன்னா தப்பை அக்கா மேல போட்ட மாதிரி ஆயிடும். என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

ஹுவைஷில் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, "பயந்த மனுஷன்னா சொன்னா?" என்று கேட்டார்.

"ஆமா."

"இருபது வருஷம் தண்ணி லாரி ஓட்டினவனை." அவருடைய உதடு கோணியது. சிரிக்கப் போகிறார் என்று ஹமூத் நினைத்தான். அவர் சிரிக்கவில்லை. தோள்கள் குலுங்கத் தொடங்கின. சயானா போன நாளிலிருந்து யார் முன்னாலும் அழாதவர், பாயில் கவிழ்ந்து குழந்தையைப் போல அழுதார். ஹமூத் அவரைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டபின், ஹுவைஷில் ஷம்ஸாவை வெளியே கூப்பிட்டார்.

"நீயும் உக்காரும்மா. இவன் கிளம்பின பொறவு என்ன ஆச்சு? நீ சொல்லு. ஒண்ணும் விடாம சொல்லு."

ஷம்ஸா முக்காட்டின் நுனியால் கையைத் துடைத்துக்கொண்டு பாயின் ஓரத்தில் அமர்ந்தாள். சயானா ஜன்னலைத் திறக்கச் சொன்னதிலிருந்து ஆரம்பித்தாள்.